சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்த்த அக்கா

அபுதாபியின் முசஃபா ஷாபியாவில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டில் ஆஸ்திரேலியாவைப் பற்றி அத்தனையும் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் ஆஸ்திரேலியா போனதில்லை. திருவனந்தபுரம், அபுதாபி இந்த இரண்டு விமான நிலையங்களைத் தவிர மூன்றாவதாக ஒன்றை அவர் பார்த்ததாக நினைவில்லை. ஆனால் அங்கே மழை பெய்யாத ஊரில் மனிதர்கள் வாசலில் எப்படி நிற்பார்கள், அப்பனும் மகனும் சண்டை போட்டால் எத்தனை நாள் பேசமாட்டார்கள், பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்றெல்லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வார்.

மூன்று படுக்கையறை ஃப்ளாட். அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை பொது, ஹால் பொது, ஹாலில் இருந்த வைஃபை பெட்டி பொது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக வரும் என்று, நான் சொன்ன அந்த அக்கா தன் லேப்டாப்பை அங்கேயே ஒரு மடக்கு மேஜையில் வைத்துக்கொண்டார். அவர் கணவர், ருவைஸ் என்ற ஊரில் எண்ணெய் ரிஃபைனரி ஆபரேட்டர். பதினைந்து நாள் அங்கே, பிறகு கொஞ்ச நாள் இங்கே. என்னைவிட அக்கா ஓரிரு வயது இளையவராகக்கூட இருக்கலாம். ஃப்ளாட் மொத்தமும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். என்னை அண்ணாச்சி என்பார். நான் அக்கா என்பதும் அவர் அண்ணாச்சி என்பதும் என் மனைவிக்குக் கடைசி வரை சிரிப்பு மூட்டிய விஷயம்.

ஓடிடியில் வரும் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது அக்காவின் வேலை. சென்னையில் ஒரு கம்பெனி அனுப்பும், இவர் எழுதித் திருப்பி அனுப்புவார். அமெரிக்கப் படங்களை மூத்தவர்கள் வளைத்துப் போட்டுக்கொண்டார்களாம். ஆஸ்திரேலியர்கள் பேசுவது யாருக்கும் பிடிபடாததால் அந்தப் படங்கள் எல்லாம் புதிதாகச் சேர்ந்த இவர் தலையில் வந்து விழுந்தன.

"எனக்கும் புரியலதான் அண்ணாச்சி. வாயைத் தொறக்காமலே பேசுதானுவ. ஸ்கிரிப்ட்டு அனுப்புதாவல்லா, அதை வச்சு ஒப்பேத்துதேன்" என்றார் முதலில். ஒப்பேற்றுகிற ஆள் இல்லை அவர் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ஏனென்றால் அவர் வேலை செய்யும் விதம் அப்படி. புதிய படம் வந்தால் முதல் தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிடுவார். ஸ்கிரிப்ட்டைத் திறக்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு முழுப் படத்தையும் ஊமையாகப் பார்ப்பார். நடுவில் யாராவது கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவார். இரண்டாம் தடவைதான் சத்தம், ஸ்கிரிப்ட், டைப்பிங் எல்லாம். ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று நினைத்து ஒரு நாள் என்னுடையதை நீட்டினேன்.

"கெடல அண்ணாச்சி. பேச்சைக் கேட்டா பேச்சு மட்டுந்தான் மனசுல நிக்கும். யாரு யாருக்கு வேண்டியவன்னு தெரியாது. பேசுதவனைப் பாக்காதீய, கேக்குதவனைப் பாருங்க. அவன் மூஞ்சிலதான் கதை இருக்கு."

இது படத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் சமையலறையில் கேஸ் சிலிண்டர் யார் முறை என்று இரண்டு பெண்கள் சத்தம் போட்டபோதும் அக்கா சத்தம் போட்டவர்களைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டார். அன்று அவளுக்குக் காய்ச்சல். எனக்கே அது தெரியாது.

வெளியாகாத படங்களை யாருக்கும் காட்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பவே மாட்டார். ஆனால் பார்த்ததைப் பற்றிப் பேசாமலும் அவரால் இருக்க முடியாது. கதையைச் சொல்லமாட்டார், அந்த மனிதர்களைப் பற்றிச் சொல்வார். சப்பாத்தி உருட்டிக்கொண்டே எங்களுக்கு ஒரு நாடு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

"இத்தனை படம் பாத்துட்டேன், ஒரு கங்காரு ஒழுங்காத் தாவி நான் பாக்கல. வாரதெல்லாம் ரோட்டுல அடிபட்டுக் கெடக்கு" என்று ஒரு நாள். "மன்னிப்புக் கேக்குத சீனே கெடையாது அவங்க படத்துல. தப்பு செஞ்சவன் ஒரு டீயைப் போட்டுக் கொண்டுவந்து பக்கத்துல வைப்பான். மத்தவன் எடுத்துக் குடிச்சா முடிஞ்சுது சோலி" என்று இன்னொரு நாள். அப்பாக்களும் மகன்களும் கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்ஜினைப் பற்றியே பேசுவார்களாம், அம்மா செத்த மறுநாளும். காட்டுத்தீ வந்தால் மட்டும், பல மைலுக்கு அப்பால் இருக்கும் ஜென்மப் பகையாளிகூடத் தண்ணீர் லாரியோடு வந்து நிற்பானாம். தீ அணைந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவானாம்.

அவர் சொன்னதில் எனக்கு இன்றும் மறக்காதது ஒன்று உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடிகள் பழைய படங்களில் எப்போதும் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்களாம். வெள்ளைக்காரன் பேசுவான். "இப்ப வார படத்துல அவங்க பேசுதாவ அண்ணாச்சி. அவங்களே எடுக்குத படமும் வருது. வெள்ளைக்காரன் வாயை மூடிட்டு நின்னு கேக்கான். கேக்கும்போது அவனால அவங்க கண்ணைப் பாக்க முடியல, தரையைப் பாக்கான். யாரு மண்ணு, யாரு வந்து உக்காந்தான்னு அவனுக்கே தெரியுமில்லா?" பிறகு பெருமூச்சுவிட்டு, "நம்மாளும் வாரான். பெட்ரோல் பங்குல நின்னு ஒரு வரி பேசிட்டுப் போயிருதான். அவன் பேசி மத்தவன் கேக்குத படம் இப்பத்தான் ஒண்ணு ரெண்டு வருது" என்றார்.

இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் விடமாட்டார். "படத்தை வச்சு ஒரு நாட்டுக்கு ஜாதகம் எழுதப்படாது. நம்ம படத்தைப் பாத்துட்டு ஒருத்தன் வந்து எறங்கினா, தமிழ்நாட்டுல எல்லாரும் ரோட்டுல கூட்டமா ஆடுவாவன்னுல்லா நெனப்பான்" என்பார். எனக்கு இதெல்லாம் அப்போது பொழுதுபோக்கு. பூமிக்கு அடியில் எங்கேயோ கிடக்கும் ஒரு நாட்டின் படங்கள் என் சோற்றோடு சம்பந்தப்பட்டவை என்று நான் நினைக்கவே இல்லை.

நான் முசஃபாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். குழாய்களை வெல்டு செய்து சேர்த்து, சோதித்து, ருவைஸ் போன்ற இடங்களுக்கு ட்ரெய்லரில் ஏற்றி அனுப்புவது எங்கள் கம்பெனியின் தொழில். வளைகுடாவில் பல மேனேஜர்களிடம் குப்பை கொட்டி நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். கெட்ட சேதியை மேலே கொண்டுபோகக் கூடாது. சொன்னவன் தலைதான் முதலில் உருளும். எதைக் கேட்டாலும் "ஓகே சார், நோ ப்ராப்ளம் சார்" என்று சொல்லிவிட வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை லீவிலும் ஆட்களை வரவழைத்து ஓசைப்படாமல் சரிசெய்துவிட வேண்டும். நான் மட்டுமல்ல, யார்டு முழுவதும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே புதிதாக வந்து சேர்ந்தார் ஓர் ஆஸ்திரேலியர், ப்ராஜெக்ட் மேனேஜராக. நெட்டையான ஆள், வெயிலில் தோலெல்லாம் செம்மண் நிறம். சார் என்று கூப்பிட்டால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறாய் என்பதுபோலப் பின்னால் பார்ப்பார். எல்லாரையும் கிண்டல் செய்வார்.

ஒரு குழாய்த் தொகுப்பு ருவைஸுக்குப் போக வேண்டிய வாரம். சில மூட்டுகளின் எக்ஸ்ரே எனக்குத் திருப்தியாக இல்லை. திரும்ப வெட்டி வெல்டு செய்ய வேண்டும். ஆனால் அவர் கேட்கும்போதெல்லாம் வழக்கம்போல ஓகே சார் என்றே சொல்லிவந்தேன். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசும் கூட்டம் உண்டு. அதில் அவர் என்னைக் காட்டி, இந்த யார்டே தீப்பிடித்து எரிந்தாலும் இவர் வந்து 'ஓகே சார், நோ ப்ராப்ளம் சார்' என்றுதான் சொல்லப்போகிறார் என்றார். நான் தலையாட்டுவதைப் போல அப்படியே ஆட்டியும் காட்டினார். மொத்த யார்டும் சிரித்தது. என்னை சார் என்று கூப்பிடும் வெல்டர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னேன். "நாளைக்கழிச்சு பேப்பர் போட்டுடறேன். இதுக்கு மேல அங்க நிக்க முடியாது."

அவள் அடுப்பை அணைத்தாள். "பேப்பர் போட்டா விசா கேன்சலுங்க. நம்ம மூணு பேருக்கும் சேர்த்து. பாப்பாவுக்கு நடு வருஷம். ஊர்ல எந்த ஸ்கூல்ல சேப்பாங்க? நீங்க வேற வேலை பாத்து வச்சிருக்கீங்களா?"

நான் பார்த்து வைத்திருக்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சந்தையில் எனக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். ஆனாலும் மானம் போன பிறகு என்ன என்று கத்தினேன். பொதுச் சமையலறை, எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நடந்தது முழுவதும் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் சிரிச்சாவளே அண்ணாச்சி, அப்ப அந்த மேனேஜரு எங்க பாத்தாரு?" என்றார்.

"யாருக்குத் தெரியும்? நான் தரையைப் பாத்துட்டு நின்னேன்."

"அப்ப நீங்க படமே பாக்கல. வசனம் மட்டும் கேட்டுட்டு வந்திருக்கீய."

எனக்கு வந்த கோபத்தில் அறைக்குள் போய்விட்டேன். மறுநாள் ஞாயிறு. காலையில் ஹாலுக்கு வந்தால் அக்கா டிவியில் ஒரு படத்தைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார். "பயப்படாதீய, இது எப்பவோ வந்துட்ட படந்தான். காட்டலாம்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டில் சத்தத்தை அணைத்தார்.

வறண்ட ஊர் ஒன்றில் போர்வெல் போடும் ஆட்களின் கதை. டை கட்டிய பேங்க் ஆசாமி ஒருவன் வருகிறான். அவனுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள், துடைத்துப் போடுகிறார்கள். தண்ணீர் கொடுக்கிறார்கள். அவன் பேசப் பேசத் தலையை ஆட்டுகிறார்கள். அவன் போனதும் கூட்டத்தில் ஒரு குண்டு மனிதனின் தொப்பியைப் பிடுங்கி ஆளுக்கு ஆள் எறிந்து விளையாடுகிறார்கள். அவன் மூச்சிரைக்க ஓடுகிறான். அவன் நடையை ஒருவன் நடித்துக் காட்டுகிறான். அக்கா படத்தை நிறுத்தினார்.

"சொல்லுங்க, இதுல யாரு அவங்களுக்கு வேண்டியவன்?"

"தொப்பியைப் பறிகொடுத்தவன்" என்றேன்.

"யாரைப் பிடிக்கல?"

"நாற்காலியில உக்காந்தவனை."

"உங்க ஊர்ல மரியாதை குடுத்தா மனசுல எடம் குடுத்ததா அர்த்தம். எங்க ஊர்லயும் அப்பிடித்தான். அங்க அது வேலிக்கு வெளிய நிறுத்துததுக்கு. உள்ள இருக்கவனைத்தான் கிண்டல் பண்ணுவான். எனக்கு இது புரியவே ரொம்ப நாளாச்சு" என்றார். எனக்கு லேசாக உறைத்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். சிரிக்கிற கூட்டத்தில் ஒல்லியாக ஒருவன். அவனையும் எதற்கோ கிண்டல் செய்கிறார்கள், அவனும் சிரிக்கிறான். மற்றவர்கள் திரும்பிக்கொண்டதும் அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே வடிந்துபோகிறது.

"பாத்தீயளா? இந்தப் பயலால தாங்க முடியல. பின்னால ஒரு நாள் மூட்டையைக் கட்டிட்டு ஊரை விட்டே போயிருவான். ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். அதுவும் அந்த நாடுதான் அண்ணாச்சி. உங்க மேனேஜரு இதுல எதுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும். பாத்துட்டுப் பேப்பரைப் போடுங்க, வேண்டாம்னு சொல்லல."

திங்கட்கிழமை யார்டுக்குப் போனேன். கிரைண்டிங் ஓடும் பகுதியில் காதை அடைக்கும் மஃப் இல்லாமல் நிற்க முடியாது. அதைப் போட்டுக்கொண்டால் எதிரில் இருப்பவன் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். வருடக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்த சாமான்தான். அன்றைக்குத்தான் அதை மாட்டிக்கொண்டு மனிதர்களைப் பார்த்தேன்.

க்ளையன்ட்டின் கன்சல்டன்ட் வந்திருந்தார். நம் ஆஸ்திரேலியர் அவர் முன்னால் விறைப்பாக நின்றார். கை இரண்டும் பின்னால் இருந்தது. தலையைத் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. நாற்காலி ஒன்றுதான் குறை. கன்சல்டன்ட் கிளம்பியதும் கிரேன் ஓட்டும் பதான் பாயிடம் போய் அவர் தாடியைப் பிடித்து இழுப்பதுபோல என்னவோ செய்தார். பாய் அவரைத் தோளால் இடித்தார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு, அந்த நெட்டை மனிதர் என் வாய்க்கு நேராகக் காதைக் கொண்டுவந்து குனிந்து நின்றார். எனக்கு மேலே இருந்த எந்த மேனேஜரும் அதுவரை என் பதிலுக்காகக் குனிந்து நின்றதில்லை.

மஃப்பைக் கழற்றினேன். "நாட் ஓகே" என்றேன். சார் சேர்க்கவில்லை. எந்தெந்த மூட்டு, ஏன், எத்தனை நாள் பிடிக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் எங்கிருந்து வந்ததோ, "யார்டு தீப்பிடிச்சிருச்சு, நான்தான் முதல்ல பாத்தேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் கையைக் கூப்பி, ஒரு வழியாக என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். ட்ரெய்லரை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். அடுத்த நாள் கன்சல்டன்ட் வந்து குதித்தபோது, நிறுத்தச் சொன்னது தான்தான் என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு யார்டில் பட்டப்பெயர் 'ஃபயர்மேன்'. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பேப்பர் போடவில்லை. பாப்பா அந்த வருஷத்தை அதே பள்ளியில் முடித்தாள், அடுத்த வருஷத்தையும்.

அக்கா சொன்ன அந்த ஒல்லி மனிதனும் யார்டில் இருந்தான். நேபாளத்துப் பெயின்டர். அவனுடைய ஆங்கிலத்தை மேனேஜர் நடித்துக் காட்டும்போது சிரிப்பான், எல்லாரும் திரும்பிக்கொண்டதும் தூரிகையைக் கழுவுவதுபோல் குனிந்துகொள்வான். முன்பு என்றால் என் கண்ணில் பட்டிருக்காது. ஒரு நாள் மேனேஜரிடம் தனியாகச் சொன்னேன், அவனுக்கு அது பிடிக்கவில்லை, வலிக்கிறது என்று. அவர் காதெல்லாம் சிவந்துபோய்த் தரையைப் பார்த்தார். மறுநாள் கஃபேட்டீரியாவிலிருந்து பேப்பர் கப்பில் இரண்டு கரக் டீ வாங்கிக்கொண்டு பெயின்டிங் ஷெட்டுக்குப் போனார். ஒன்றைப் பெயின்ட் டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன் கப்பை எடுத்தான்.

நான் வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "அக்கா, டீ! டீ வாங்கிக் கொடுத்தாரு!" என்றேன். அக்கா தலையைத் தூக்கவில்லை. "எடுத்துக் குடிச்சானா?" என்று மட்டும் கேட்டார். குடித்தான் என்றேன். "அப்ப சரி" என்று டைப்பிங்கைத் தொடர்ந்தார்.

அவருடைய கணவருக்கு ருவைஸ் கான்ட்ராக்ட் முடிந்தபோது, ஹலாஸ், எல்லாம் முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான் என்றாகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் ஆஸ்திரேலியப் படம் ஓடினால் நான் அடியில் ஓடும் தமிழைத்தான் முதலில் பார்க்கிறேன். அது அவர் எழுதியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் யாராவது நெடுநேரம் பேசாமல் நிற்கும் இடத்தில் எழுத்து எதுவும் வராமல் திரை சும்மா இருந்தால், அவராக இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். இவ்வளவு மௌனத்தை ஏன் விட்டிருக்கிறாய், ஏதாவது போடு என்று கம்பெனிக்காரர்கள் போனில் சண்டை போடுவதும், "அவனே பேசல, நான் எதுக்குப் பேசணும்?" என்று இவர் மல்லுக்கு நிற்பதும் நான் நேரில் கேட்டவை.

அவர்கள் கிளம்பிய மத்தியானம் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், பேசினாள், மறுபடி அழுதாள். மற்ற அறைக்காரர்கள் ஊர் முகவரி கேட்டார்கள். நான் லிப்டில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நீங்கள் அன்றைக்கு அந்தப் படத்தைப் போடாவிட்டால் நாங்கள் இன்றைக்கு இங்கே இல்லை, என் குழந்தையின் படிப்பு உங்கள் புண்ணியம் என்று வரிசையாக வைத்திருந்தேன். நேரம் வந்தபோது ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். என்னையறியாமல் வேனின் டயரைப் பார்த்து, காற்று குறைவாக இருக்கிறதே என்று டிரைவரிடம் சொல்லவும் நினைத்தேன்.

சுற்றி அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"கேட்டாச்சு அண்ணாச்சி" என்றார்.

நான் அதுவரை வாயைத் திறக்கவே இல்லை.